கட்டிலை விட்டு எழுப்பும் கைகள்: முதுமை நலிவும் செவிலியப் பணியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, வாய் துடைத்துவிடுவது, கைபிடித்துக் கழிவறைக்கு அழைத்துப் போவது ஆகியவற்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மேடைக்கு உரிய பொருளா இது என்று சிலர் நினைக்கலாம். தளர்ந்துபோன ஒரு முதியவருக்கு இவைதாம் சிகிச்சை. மருந்துச் சீட்டில் எழுதப்படுவதற்குச் சற்றும் குறையாத சிகிச்சை. ஆனால் இந்த வேலையைச் செய்கிற கைகளுக்கு நாம் நேரம் கொடுப்பதில்லை, பயிற்சி கொடுப்பதில்லை, தக்க ஊதியமும் கொடுப்பதில்லை. என் முறையீடு அதுதான்.

ஒரே தெருவில் எண்பது வயதுக்காரர் இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு. இருவருக்கும் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு. ஒருவர் மூன்று நாள் கஞ்சி குடித்துவிட்டு நான்காம் நாள் பால் பூத்துக்குக் கிளம்பிவிடுகிறார். மற்றவர் அன்று படுத்தவர்தான். கால் வீங்குகிறது, பேச்சு குழறுகிறது, எழுந்திருக்கப் பார்த்து விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது. வயது ஒன்று, நோயும் ஒன்று, முடிவு மட்டும் வேறு. இரண்டாமவரின் உடலில் நோய் வருவதற்கு முன்பே கையிருப்பு கரைந்திருந்தது. சின்ன அடியைக்கூடத் தாங்கமுடியாத அந்த நிலையைத்தான் மருத்துவர்கள் ஃப்ரெயில்டி என்று குறிக்கிறார்கள். நான் நலிவு என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

2001இல் அமெரிக்காவில் லிண்டா ஃபிரீட் தலைமையிலான குழு நலிவுக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தது. முயற்சி செய்யாமலே எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி வலு குறைவது, நடையின் வேகம் குறைவது, நடமாட்டமே குறைந்துபோவது. இவற்றில் மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவின் வாசலில் நிற்கிறார், பிடித்து இழுத்துவிடலாம். கனடாவில் கென்னத் ராக்வுட் குழு 2005இல் இன்னொரு அளவுகோலைத் தந்தது. அதைப் பயன்படுத்தும்போது நோயாளி இன்று கட்டிலில் எப்படிக் கிடக்கிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு முன் வீட்டில் எப்படி இருந்தார், தானே குளித்தாரா, கடைக்குப் போனாரா, சமைத்தாரா என்று கேட்கிறார்கள். நம் வார்டுகளில் மிக அரிதாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்காததால், முந்தின வாரம் வரை அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவையும் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருப்பவரையும் ஒரே தட்டில் வைத்து “ஓல்டு ஏஜ்” என்று எழுதிவிடுகிறோம்.

நலிவின் அடியில் இருப்பது பெரும்பாலும் தசைத் தேய்வு. அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், தையற்காரர் நாடா போதும். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி, கெண்டைக்காலின் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கைதாங்காமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் ஓர் எச்சரிக்கை. சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் திண்ணையில் வைத்துச் செய்துவிடக்கூடிய சோதனைகள் இவை.

இதற்குக் குறுக்கே நிற்பது ஒரே ஒரு வாக்கியம்: “வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்.” வீட்டில் மகன் சொல்கிறார், வார்டில் நாம் சொல்கிறோம், கடைசியில் அந்த முதியவரே சொல்லத் தொடங்கிவிடுகிறார். எடை ஐந்து கிலோ குறைந்ததும், தலைவாசல் தாண்ட மறுப்பதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மறைந்துபோகின்றன. அதைச் சொல்லும் உரிமை செவிலியருக்குக் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அப்பத்தாவைச் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாகக் கூட்டி வந்தார்கள். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் உள்ளே வந்தார். சேர்த்த அன்றே டிரிப் ஏறியது, சிறுநீர்க் குழாய் போட்டார்கள், “எந்திரிக்கப்படாது பாட்டி, விழுந்துருவீங்க” என்று கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டார்கள். கண்ணாடி தொலைந்துவிடும் என்று பேரன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். பல்செட் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போனது. மூன்றாம் இரவு அப்பத்தா செத்துப்போன கணவரைக் கூப்பிட்டு ஆடு மேய்க்கப் போகச் சொன்னார், டிரிப் ஊசியைப் பிடுங்கினார். கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். காலையில் சோறு ஊட்டப் போனபோது வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சல் அதற்குள் இறங்கியிருந்தது. கிருமிக்குக் கொடுத்த மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. இந்த நிலையை உண்டாக்கியது நாம் கொடுத்த படுக்கை.

அன்று பணிக்கு வந்த மூத்த சிஸ்டர் ஒருவர் முதலில் கைக்கட்டை அவிழ்த்தார். பேரனுக்குப் போன் போட்டுக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். டாக்டரிடம் பேசிச் சிறுநீர்க் குழாயை எடுக்க வைத்தார். ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார். பல்செட்டைக் கழுவி மாட்டிவிட்டு, “அப்பத்தா, இன்னைக்கு என்ன கிழமை தெரியுமா? செவ்வாய். உங்க ஊர்ச் சந்தை இன்னைக்குத்தானே?” என்று கேட்டார். அப்பத்தா வெகு நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, “சந்தை வெசாழக்கெழமைல்ல” என்றார். அன்று சாயங்காலம் இருவரும் ஜன்னல் வரை நடந்தார்கள். மறுநாள் வராந்தா வரை. வீட்டுக்குப் போகும்போது வரும்போதிருந்த நடை முழுதாகத் திரும்பியிருக்கவில்லை, ஆனால் நடந்துதான் போனார்.

இதை அந்த சிஸ்டரின் கைராசி என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். கைராசி என்று சொல்வது அவருடைய அறிவை மறைப்பது. அவர் செய்த ஒவ்வொன்றும் ஆய்வில் நிறுவப்பட்டது. ஷரோன் இனோயி என்ற அமெரிக்க மருத்துவர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் செய்ததும் இதையேதான்: நாளும் கிழமையும் நினைவூட்டுவது, கண்ணாடியும் காது கருவியும் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, தூக்க மாத்திரை இல்லாமல் தூங்க வைப்பது, தினமும் நடக்க வைப்பது. வழக்கமான கவனிப்பில் இருந்த முதியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மனக்குழப்பம் வந்தது, இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களில் 9.9 பேருக்குத்தான் வந்தது. மனக்குழப்பம் வந்தபின் அதைச் சரிசெய்வது கடினம் என்பதையும் அந்த ஆய்வே காட்டியது. ஆகவே முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு 2007இல் வந்த இன்னொரு சோதனை உண்டு. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயே இல்லாதவருக்கு இந்தக் கதி. ஏற்கெனவே கெண்டைக்கால் சூம்பிய ஒருவருக்கு, காய்ச்சலோடு, பசியில்லாமல் பத்து நாள் என்றால் என்ன ஆகும்? நாம் அன்பினால் சொல்லும் “பேசாம படுங்க” என்ற சொல் எத்தனை பேரை நிரந்தரமாகப் படுக்க வைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காரணம் இல்லாமல் ஒரு முதியவரைப் படுக்கையில் வைத்திருப்பதைத் தவறான மருந்து கொடுப்பதற்குச் சமமாக நான் கருதுகிறேன்.

இந்தப் பாடத்தை உலகம் ஒருமுறை கற்றுக்கொண்டது. லண்டனுக்கு மேற்கே ஐல்வர்த் என்ற இடத்தில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 1935இல் பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதி அதோடு சேர்க்கப்பட்டது. அங்கே 714 பேர் கிடந்தார்கள். தீராத நோயாளிகள் என்ற ஒரே பெயரில், ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் படுக்கையில். பொறுப்பேற்ற மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்தார். யாருக்கு என்ன நோய், யாரை எழுப்பலாம், யாருக்கு வீடு திரும்ப வழியிருக்கிறது என்று பிரித்தார். சுவருக்கு வெளிர் நிறம் பூசி, வெளிச்சத்தைக் கூட்டி, பிடித்து நடக்கக் கைப்பிடிகள் வைத்தார். எழவே மாட்டார்கள் என்று எழுதி வைக்கப்பட்டிருந்தவர்களில் பலர் எழுந்தார்கள், பலர் வீட்டுக்குப் போனார்கள். 1943இலும் 1946இலும் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்துதான் முதியோர் மருத்துவம் என்ற தனித்துறை வளர்ந்தது.

செவிலிய மாணவியர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பெயர் டோரீன் நார்ட்டன். அவர் ஒரு செவிலியர். முதியோர் வார்டில் செவிலியம் எப்படி நடக்கிறது என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்து, இரண்டு சகாக்களோடு 1962இல் நூலாக வெளியிட்டார். படுக்கைப் புண் வராமலிருக்க அன்று வார்டுக்கு வார்டு ஒரு களிம்பு, ஒரு ஸ்பிரிட், ஒரு பவுடர் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பலன் தந்தது களிம்பல்ல, நேரம் தவறாமல் திருப்பிப் படுக்க வைத்ததே என்று அவர் காட்டினார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தலா நான்கு மதிப்பெண் என்று இருபதுக்குப் போடும் அவருடைய அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் புண் வரும் ஆபத்து உண்டு. பிற்காலத்தில் அவர் அமெரிக்காவில் முதியோர் செவிலியத்துக்கான பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். கட்டிலருகே நின்று பார்த்த ஒன்றைக் கணக்கெடுத்து நிறுவிய செவிலியருக்கு உலகம் கொடுத்த இடம் அது.

திருப்புவது என்கிறோமே, அதைச் சற்று நின்று பார்ப்போம். படுத்தவரை அக்குளில் கைகொடுத்து மேலே இழுப்பதுதான் வீடுகளில் வழக்கம். அப்போது எலும்பு நகரும், தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், இடையில் இருக்கும் சதை உள்ளுக்குள் கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது, சில நாளில் கறுப்பாக வெளிவரும். நான்காக மடித்த பருத்திச் சேலை ஒன்றை இடுப்புக்கு அடியில் போட்டு, இருபுறமும் இருவர் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுவதும் சாய்த்து இடுப்பு எலும்பின் மேல் பாரம் ஏற்றக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்து ஏறத்தாழ 30 பாகை சாய்வு போதும். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

புத்தகங்களில் தோல் சிவந்தால் கவனி என்று எழுதியிருக்கும். நம்மவர் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. விரலின் பின்புறத்தால் தொட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்த்துவிடக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைக்கக் கூடாது, வளையத்தின் விளிம்பு இரத்த ஓட்டத்தை நெரிக்கும். ஏர் பெட் வாங்கிப் போட்டாகிவிட்டது, இனித் திருப்ப வேண்டியதில்லை என்று நினைக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெத்தை உதவும். கைகளின் வேலையை அது செய்துவிடாது.

அடுத்தது சாப்பாடு. வயதானவருக்கு எளிதில் செரிக்க வேண்டும் என்று கஞ்சி, ரஸ்க், இட்லி, ரசம் சாதம் என்று இறங்கிவிடுகிறோம். வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் போகாது. முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் வீட்டுப் பாட்டிகள் எவ்வளவு கீழே இருக்கிறார்கள் என்று புரியும். பருப்பைக் கெட்டியாக, மீனை முள் நீக்கி, முட்டையைக் குழைய வேகவைத்து, சுண்டலை மசித்து, தயிரை வேளைதோறும் சேர்த்துக் கொடுக்கலாம். காசு அதிகம் ஆகாது, ஆள்தான் வேண்டும். நலிந்த ஒருவருக்குப் பொறுமையாக ஊட்ட அரைமணி நேரமாவது ஆகும். ஒரு செவிலியர் முப்பது கட்டிலைப் பார்க்கும் வார்டில் அந்த அரைமணி நேரம் எங்கிருந்து வரும்?

சாப்பாடு மட்டும் போதாது, உடலும் வேலை செய்ய வேண்டும். பாஸ்டன் நகரில் முதியோர் இல்லவாசிகள் நூறு பேரிடம் மரியா ஃபியாடரோன் குழு நடத்திய ஆய்வு 1994இல் வந்தது. அவர்களின் சராசரி வயது 87. பத்து வாரம் காலுக்கு எடை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலு இரு மடங்குக்கு மேல் ஆனது, நடை வேகம் கூடியது. பயிற்சி இல்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. டப்பா டப்பாவாகப் புரதப் பவுடர் வாங்கி அடுக்கிவிட்டு அப்பாவைக் கட்டிலிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் இந்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊட்டும்போது நேராக உட்கார வைக்க வேண்டும், சாய்த்துப் படுக்கவைத்து ஊட்டக் கூடாது. தாடை சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். ஒரு வாய் விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்த வாய். சிலருக்குச் சோறு இறங்கும், தண்ணீர்தான் புரையேறும். அப்படிப்பட்டவருக்குத் தண்ணீரை மளமளவென்று ஊற்றுவது நுரையீரலுக்குள் ஊற்றுவதாகிவிடும். சாப்பிட்டதும் வாயைத் துடைத்துவிட வேண்டும், பல் இல்லாவிட்டாலும்கூட. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், முறையான வாய்ப் பராமரிப்பு பெறாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கு நிமோனியா வந்தது, பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கு வந்தது. ஒரு பிரஷ், ஒரு துண்டு, வேளைக்கு ஐந்து நிமிடம். நம் வார்டுகளில் முதலில் கைவிடப்படும் வேலை இதுதான்.

கழிவறை விஷயத்தை மெல்லிய குரலில் பேசிப் பழகிவிட்டோம், உரக்கப் பேச வேண்டியது அது. “சிஸ்டர், அத்தைக்கு டயப்பர் கட்டிவிட்டுடலாமா? ராத்திரி நாலு தடவை எழுப்புறாங்க” என்று ஒரு மருமகள் கேட்டார். அவர் பகலில் வேலைக்குப் போகிறவர், அவருடைய களைப்பு நியாயமானது. ஆனால் எழுந்து போகக்கூடிய ஒருவருக்கு டயப்பர் கட்டினால் சில வாரத்தில் எழும் பழக்கம் போகும், தோல் வெந்துபோகும், அதற்கு மேல் அவருடைய மானம் போகும். பல முதியவர்கள் பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்கிறார்கள். அதிலிருந்து மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம், விழுகை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த மருமகளிடம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போடச் சொன்னோம். படுக்கப் போகும் முன் ஒருமுறை உட்கார வைக்கவும், இரவில் சின்ன விளக்கு எரியவிடவும் சொன்னோம். நீர் போகும் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினோம். நாலு தடவை ஒரு தடவையானது. அத்தை தானே எழுந்து உட்கார்ந்தார்.

மருந்துகளைப் பற்றி ஒன்று மட்டும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் பழைய மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் நலிந்தவரை விழவும் குழம்பவும் வைக்கும். வீட்டுக்குப் போகும் செவிலியர் மாத்திரைப் பையை முழுவதும் கொட்டிப் பார்த்து மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் வீட்டில் யார் செய்கிறார்கள்? மனைவி, மகள், மருமகள். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வசதி உள்ள வீடுகளுக்கு ஏஜென்சி மூலம் “ஹோம் நர்ஸ்” வருகிறார். அந்தப் பெயரில் வருகிறவர்களில் பலர் செவிலியம் படித்தவர்கள் அல்லர், வறுமையின் காரணமாக வந்த கிராமத்துப் பெண்கள். நாளெல்லாம் பொழுதெல்லாம் ஓர் அந்நிய வீட்டில், தரையில் படுத்து, வாரக்கணக்கில் விடுப்பில்லாமல் வேலை செய்கிறார்கள். ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. அவர்களுடைய இடுப்பு வலியைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போக என் மனம் ஒப்பவில்லை. தென் மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களின் உயிரை முடித்துவைக்கும் வழக்கம் இருந்தது. 2010இல் விருதுநகர் வட்டாரத்திலிருந்து அது செய்தியாக வெளியே வந்தது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ திரைப்படம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் படத்தில் சாகடிக்கப்படுபவர் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு முதிய காவலாளி.

அது கொலை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் செவிலியராக நான் அந்த இடுப்பு எலும்பைப் பார்க்கிறேன். இடுப்பு எலும்பு முறிவு மரண தண்டனை ஆகாது. காலத்தே அறுவைச் சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்தி, வீட்டுக்குப் போனபின் நடக்கப் பழக்கினால் எத்தனையோ பேர் மீண்டும் தம் வாசலுக்கு வருவார்கள். மருத்துவமனை கைவிரித்து, வீட்டில் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியாமல், முதுகெல்லாம் புண்ணாகி, வலிக்கு மருந்தும் இல்லாமல் ஒருவர் மாதக்கணக்கில் கிடக்கும்போதுதான் “இவர் கஷ்டப்படாமல் போய்விட்டால் தேவலை” என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அந்தப் பேச்சு எழும் முன்பே அந்த வீட்டு வாசலில் ஒரு செவிலியர் போய் நின்றிருக்க வேண்டும்.

போய் நிற்க முடியுமா என்றால், முடியும் என்று பக்கத்து மாநிலம் காட்டியிருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கம், ஊர்மக்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்த பெரிய வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. இன்று அங்கே உள்ளாட்சி அமைப்பின் துணையோடு செவிலியர் வீடு வீடாகப் போகிறார். அவர் பையில் மருந்தோடு புண்ணுக்குக் கட்டும் துணியும் இருக்கும், உட்கார்ந்து பேச நேரமும் இருக்கும்.

நமக்கும் பெருமைப்பட நிறைய இருக்கிறது. இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு முதலில் தொடங்கியது சென்னையில்தான், 1978இல், டாக்டர் வ. செ. நடராஜன் தலைமையில். அதற்கான எம்.டி. படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் இயங்குகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையையும் பிசியோதெரபியையும் தணிப்புச் சிகிச்சைச் செவிலியரையும் வீட்டுக்கே அனுப்புகிறது. 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள், 10.4 விழுக்காடு. நாட்டின் சராசரி அப்போது 8.6தான். பல மாநிலங்களுக்கு முன்பே நமக்கு வயதாகிறது. அதை உணர்ந்து எடுத்த நல்ல அடிகள் இவை.

என் வேண்டுகோள் இவற்றின் மேல் எழுவது. மக்களைத் தேடிப் போகிற தன்னார்வலரின் பையில் இரத்த அழுத்தக் கருவியோடு ஒரு நாடாவும் இருக்கட்டும். கெண்டைக்காலின் சுற்றளவும் எடையும் பதிவேட்டில் ஏறட்டும். எடை குறைகிறவரின் பெயர் செவிலியரிடம் போகட்டும். முதியோர் மிகுந்த வார்டுகளுக்குப் பணியிடங்களைக் கட்டிலின் எண்ணிக்கையை வைத்து ஒதுக்கக் கூடாது. அங்கே எத்தனை பேருக்கு ஊட்ட வேண்டும், எத்தனை பேரைத் திருப்ப வேண்டும் என்பதை வைத்து ஒதுக்க வேண்டும். முப்பது கட்டிலுக்கு ஒருவரை நிறுத்திவிட்டுப் படுக்கைப் புண்ணுக்கு அவரிடம் விளக்கம் கேட்பது அறமாகாது. வீட்டு வேலைக்குப் போகும் பராமரிப்புப் பெண்களுக்கு அரசு சான்றிதழோடு கூடிய பயிற்சியும் குறைந்தபட்ச ஊதியமும் வார விடுப்பும் சட்டப்படி உறுதியாக வேண்டும்.

மாணவியரே, இந்திய நர்ஸிங் கவுன்சில் முதியோர் செவிலியத்துக்கு ஓராண்டு டிப்ளமா வைத்திருக்கிறது. ஐ.சி.யூ.வும் ஆபரேஷன் தியேட்டரும் மட்டும்தான் திறமைக்கு இடம் என்று எண்ணாதீர்கள். ஒரே நேரத்தில் ஐந்து நோயும், பன்னிரண்டு மாத்திரையும், மங்கிய கண்ணும், பேச விரும்பாத மனமும் உள்ள ஒருவரை எழுப்பி நடக்க வைப்பதற்குத் தேவைப்படும் திறமை எந்த இயந்திர அறையிலும் தேவைப்படாது.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் கல்லூரி முதல்வரிடமும் நேரடியாக ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ஆண்டிலிருந்து இதே அரங்கில், சுற்றுவட்டார மருமகள்களையும் மகன்களையும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களையும் அழைத்து, திருப்பவும் ஊட்டவும் எழுப்பவும் கட்டணமில்லாமல் கற்றுக்கொடுங்கள். ஒரு கட்டில், ஒரு பழைய பருத்திச் சேலை, நான்கு தலையணை, ஒரு நாற்காலி இருந்தால் போதும். பாடம் நடத்த நான் வருகிறேன்.